குறை கேட்டலும் குறை தீர்த்தலும்

இறைமாட்சி கூறப்புகுந்த திருவள்ளுவர், காண்டற்கு எளியனாய் இருத்தலை அரசற்குரிய பண்பாக வைத்தார். செவிக்குக் கைப்பான சொற்களைப் பொறுத்துக் கேட்டலையும் அவ்வதிகாரத்திலேயே வைத்தார். இவ்விரண்டும் ஓரிடத்தே கூறப்பட்டமை கருதத்தக்கது. வாயில் திறந்திருத்தல் ஒன்று. அது தனக்குத் திறக்கவில்லை என ஒருவன் முறையிடுங்கால் கேட்டுத் திருத்துதல் மற்றொன்று. இக்காலத்தே அரசவாயிலும் அங்காடியும் ஊர்மன்றும் இணையத்தளங்களில் அமைந்துவிட்டன. அவற்றை நடத்துவோர் பலர், மறுமொழி கூறுதலையே குறை தீர்த்தலாகக் கொண்டு மயங்குகின்றனர் என்பதை ஈண்டு எடுத்துக்காட்டுவாம்.

2021 ஆகஸ்ட் மாதத்தில் டுவிட்டர் நிறுவனம் தன் தளத்தின் தோற்றத்தைப் புதுப்பித்தது. 'சேர்ப்' என்னும் புதிய எழுத்துரு புகுத்தப்பட்டது. நிறங்களின் வேறுபாடும் மிகுவிக்கப்பட்டது. தளத்தை அணுகுதற்கு எளிதாக்குவதும் இம்மாற்றத்தின் நோக்கமென நிறுவனத்தார் கூறினர். ஆயின், அதனைக் கண்டோர் பலர் கண்ணோவும் தலைநோவும் உற்றதாக முறையிட்டனர். உடனே, பொத்தான்களின் நிறவேறுபாட்டைத் தணிப்பதாக அறிவிப்பு வந்தது. விரைந்து செவிசாய்த்தமை பாராட்டற்பாலதே. எனினும், பழைய எழுத்துருவை வேண்டுவோர் அதனை மீளத் தெரிந்துகொள்ள வழி வைத்தாரிலர். காலில் முள் தைத்தது என்றவனுக்குச் செருப்பின் வாரைத் தளர்த்திக் கொடுத்தது போலும் இது. 2022 நவம்பரில் ஆட்குறைப்பு நிகழ்ந்தபோது, இத்தகைய குறைகளைக் கவனித்த குழுவினரும் நீக்கப்பட்டனர். கேட்கும் செவியே அகற்றப்பட்டபின் மறுமொழிக்கும் இடமேது?

திருத்தத்திற்குப் பொருளும் காலமும் மிக வேண்டும் என்று நிறுவனங்களின் சார்பில் நின்று கூறுவாருமுளர். இவ்வாதம் புதியதன்று. சிட்னி ஒலிம்பிக் போட்டிகளின் இணையத்தளத்தைத் தம்மாற் படிக்க இயலவில்லையென, விழிப்புலனற்ற புரூஸ் மக்வயர் என்பார் 1999இல் முறையிட்டார். திருத்துதற்கு ஒருவர் ஓராண்டு உழைத்தல் வேண்டுமென அமைப்புக் குழுவினர் வாதிட்டனர்; சிறு குழுவொன்றுக்கு நான்கு வாரம் போதுமெனத் துறைவல்லார் சான்று பகர்ந்தனர். 2000 ஆகஸ்ட்டில் ஆஸ்திரேலிய மனித உரிமை ஆணைக்குழு மக்வயர் பக்கமே தீர்ப்பளித்தது. ஆணை முழுதும் நிறைவேற்றப்படாமையின், போட்டிகள் முடிந்தபின் 20,000 டொலர் இழப்பீடு விதிக்கப்பட்டது. ஆயினும், போட்டிகள் நடந்த நாட்களில் அவற்றின் முடிவுகளைப் பிறரைப்போல் தாமும் அறியும் வாய்ப்பை அப்பணம் அவர்க்கு மீட்டுத் தருமோ?

இனி, நம் நாட்டு நிலையை நோக்குவாம். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், கட்டடங்களையும் பொது இடங்களையும் அணுகுதற்கு வலுவிழந்தோர்க்குள்ள உரிமையைக் கூறிற்று. இணையத்தையும் உள்ளடக்கிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இலங்கை 2016இல் ஏற்புறுதி செய்தது. தமிழர்க்கோ இதில் தனித்ததோர் இடருண்டு. பாமினி எழுத்துருவில் அச்சிட்ட பக்கத்தில் 'தமிழ்' என்னும் சொல் கண்ணுக்குத் தமிழாகவே தோன்றும். திரை வாசிப்பானோ அதனை 'ஜே, கே, பி, ஓ' என ஆங்கில எழுத்துக்களாகவே ஒலிக்கும். அறிவித்தல் படமாக மட்டும் இடப்படின் அவ்வொலியும் இல்லை. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலிய நம் கரையூர்கள் 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலைக்கு ஆளானவை. நாளை ஓர் எச்சரிக்கை படமாக மட்டும் வெளியிடப்படின், விழிப்புலனற்றார் ஒருவர் அதனைத் தம் கருவியால் அறிதல் இயலாது. குறையை முறையிட்ட அவர்க்கு, 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்னும் ஒரு வரி எவ்வாற்றான் உதவும்?

ஆதலின், பக்கங்களை யூனிகோட் எழுத்தில் அமைத்தலும், தோற்றத்தை மாற்றுமுன் வலுவிழந்தோரைக் கொண்டே ஆராய்தலும், குறை தீருங்காறும் பழைய வடிவை விட்டுவைத்தலும், தீர்க்கும் நாளைக் குறித்து அறிவித்தலும் தளம் நடத்துவோரின் கடமையாம். முறையிட்டவர் இன்று படிக்கின்றாரா என்பதே மறுமொழியை அளக்கும் கோல் என்க.