விரியன் கடியும் பிளாஸ்மா மாற்றமும்

குருதியின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவைக் கருவி வழியே பிரித்தகற்றிக் கொடையாளரின் பிளாஸ்மாவை ஏற்றும் பிளாஸ்மா மாற்றம், விரியன் கடிபட்டுத் தட்டணுக்கள் சரிந்து சிறுநீர் வற்றியோருக்கும் உரிய சிகிச்சையே என்னும் வாதம் கேரளத்திலும் இலங்கையிலும் எழுதப்படும் மருத்துவக் குறிப்புகளில் இடம்பெற்று வருகிறது. கேரள எல்லையோரக் கோபாலபுரத்துத் தோப்புகளிலும் இடுக்கியின் ஏலத் தோட்டங்களிலும் கூலிவேலை செய்யும் தமிழரை நேரே தொடும் செய்தி இது.

டிடிபி எனப்படும் அரிய குருதி நோயில் இச்சிகிச்சையின் மதிப்பை மறுப்பதற்கில்லை. அந்நோயில் ஏடம்ட்ஸ்-13 என்ற நொதியை முடக்கும் எதிர்பொருளை அது அகற்றி, குறைந்துபோன நொதியையும் ஈடுசெய்கிறது. 1991இல் வெளியான கனடிய ஆய்வில் ஆறு மாத முடிவில் மாற்றம் பெற்றோரில் 78 விழுக்காட்டினரும், பிளாஸ்மா ஏற்றம் மட்டும் பெற்றோரில் 63 விழுக்காட்டினரும் உயிருடன் இருந்தனர்.

பாம்புக்கடியிலோ அகற்றப்படுவது எது என்பதே தெளிவில்லை. டிடிபியில் போலவே இங்கும் நுண்ணோக்கியில் உடைந்த சிவப்பணுக்கள் தெரிகின்றன என்றாலும், அந்நொதியின் கடுங்குறைவு பொதுவாகக் காணப்படுவதில்லை. ஆகவே இது தோற்ற ஒப்புமையைக் கொண்டு இரவல் வாங்கிய சிகிச்சை. மாற்றத்துக்குப் பின் தட்டணு ஏறியதாகக் காட்டும் அட்டவணைகள், டயாலிசிஸ் மட்டும் பெற்றவருக்கும் தட்டணுக்கள் பெரும்பாலும் தாமாகவே ஏறுவதைக் கணக்கில் கொள்வதில்லை. பிழைத்தவர் கதையே அச்சேறுகிறது. 2020இல் வெளிவந்த முறைசார் தொகுப்பாய்வும் இதன் பயனுக்குச் சான்று காணவில்லை. மேலும், குதிரையின் குருதியிலிருந்து எடுத்த எதிர்பொருளான விஷமுறிவு மருந்தும் பிளாஸ்மாவில்தான் மிதக்கிறது என்பதால், அதைக் கொடுத்த கையோடு பிளாஸ்மாவை வெளியேற்றுவது ஒரு கையால் கொடுத்ததை மறுகையால் பறிப்பதாகும். ஒரு முறைக்கு ஏறத்தாழ மூன்று லிட்டர், அதாவது பன்னிரண்டு கொடையாளரின் பிளாஸ்மா, செலவாகிறது. வாங்கிய கருவி சும்மா கிடக்கலாகாது என்ற கணக்கும் இதில் இல்லையென்று உறுதிகூற இயலாது.

உண்மையான குறை வேறிடத்தில் உள்ளது. மூக்கு நுனி மேடிட்ட சிறு குழிவிரியனின் கடி உயிருக்கே ஊறு செய்யும் என்பது கேரளத்து நோயாளிகளைக் கொண்டு 2007இல் பதிவான பின்னும், இந்தியாவில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கே தயாராகிறது. மலைத்தோட்டங்களில் கடிக்கும் அந்தக் குழிவிரியன் அப்பட்டியலில் இல்லை.