புதுப்பிப்பும் வழக்குரிமையும்: 'ஃபோல்அவுட் 4' விளையாடுவோரின் எதிர்வினைகள் பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

1

திறனாய்வு நூலோடும் மேடையோடும் நின்றுவிடவேண்டும் எனக் கருதுவோருக்குக் கணினி விளையாட்டொன்றைப் பற்றிய இக்கட்டுரை பொருந்தாத முயற்சியாகத் தோன்றலாம். ஆயின் ஒரு படைப்பு யாரால் ஆக்கப்படுகின்றது, யாருக்கு உடைமையாகின்றது, அதனைத் துய்ப்போர் அதன் ஆக்கத்தில் எத்தகைய பங்கினைப் பெறுகின்றனர் என்பனவே சமூகவியல் வழிப்பட்ட திறனாய்வின் அடிப்படை வினாக்களாகும். இவ்வினாக்கள் இன்று கூர்மையாக எழும் களங்களுள் கணினி விளையாட்டும் ஒன்று. அங்கு துய்ப்போன் வெறும் துய்ப்போனாக இருப்பதில்லை. படைப்பைத் திறந்து, மாற்றி, கூட்டி, மீண்டும் பிறருக்கு வழங்குகின்றான். விளையாடுவோர் 'மொட்' என வழங்கும் இத்தகைய ஆக்கங்களை இக்கட்டுரை 'மாற்றாக்கம்' எனவும், அவற்றைச் செய்வோரை 'மாற்றாக்குநர்' எனவும் குறிக்கும்.

நாம் எடுத்துக்கொள்ளும் சான்று 'ஃபோல்அவுட் 4' ஆகும். அமெரிக்காவின் பெதெஸ்டா நிறுவனம் 2015 நவம்பர் 10ஆம் திகதி வெளியிட்ட இவ்விளையாட்டு, அணுப்போரால் அழிந்த பொஸ்ரன் நகரைக் களமாகக் கொண்டது. மாற்றாக்கத்துக்கான கருவித்தொகுதியை நிறுவனமே 2016இல் இலவசமாக வழங்கியது. 2021இல் இந்நிறுவனம் தன் தாய்நிறுவனத்தோடு மைக்ரோசொஃப்டின் உடைமையாயிற்று. அக்கொள்வனவின் பெறுமதி 750 கோடி டொலர். 2024 ஏப்பிரலில் இவ்விளையாட்டுத் தொடரைத் தழுவிய தொலைக்காட்சித் தொடர் வெளியாகிப் பெருங் கவனத்தைப் பெற்றது. அவ்வேளையில், ஏப்பிரல் 25ஆம் திகதி, 'ஃபோல்அவுட் 4' இற்கான பெரும் புதுப்பிப்பு ஒன்றை நிறுவனம் வெளியிட்டது. அத்தகையதொரு புதுப்பிப்பு வரும் என்பது 2022இலேயே அறிவிக்கப்பட்டிருந்தது. எனினும் எந்நாளில் வரும் என்பது இரு வாரங்களுக்கு முன்னரே தெரிவிக்கப்பட்டது. அது வந்த அன்றே, ஆண்டுக்கணக்கில் தேர்ந்து அடுக்கிவைத்த மாற்றாக்கங்களோடு விளையாடி வந்த பெருந்தொகையினரின் விளையாட்டு இயங்காது நின்றது.

2

எது உடைந்தது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளல் வேண்டும். எல்லா மாற்றாக்கங்களும் உடையவில்லை. தோற்றங்களையும் பொருள்களையும் மட்டும் மாற்றியவை பெரும்பாலும் தப்பின. உடைந்தவை, 'ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டர்' எனப்படும் நீட்டிப்புக் கருவியைச் சார்ந்தவை. நிறுவனம் தன் மூலநிரலை வெளியிடுவதில்லை. ஆகவே இக்கருவியை ஆக்கியோர் தொகுக்கப்பட்ட இயந்திரக் குறியீட்டை வரி வரியாக ஆராய்ந்து, எச்செயல் எம்முகவரியில் நிகழ்கின்றது எனக் கண்டறிந்து, அவ்விடங்களிலே தம் நிரலைப் பொருத்தியுள்ளனர். நிறுவனம் தன் நிரலைத் திருத்தி மறுபடி தொகுக்கும்போது முகவரிகள் அனைத்தும் இடம்பெயருகின்றன. வீட்டிலக்கங்கள் ஓரிரவில் மாற்றப்பட்ட தெருவிலே கடிதம் கொண்டுசெல்பவனின் நிலையே மாற்றாக்கத்தின் நிலையுமாகும்.

2019ஆம் ஆண்டிலிருந்து மாறாதிருந்த 1.10.163 என்னும் வடிவத்தின் மீதே பல ஆண்டுக்கால உழைப்புக் குவிந்திருந்தது. புதிய வடிவத்துக்கேற்ப நீட்டிப்புக் கருவி பின்னர் திருத்தப்பட்டது உண்மையே. ஆயின் அதனைச் சார்ந்த ஒவ்வொரு மாற்றாக்கமும் தனித்தனியே திருத்தப்படவேண்டியிருந்தது. ஆக்கியோர் விலகிச் சென்றுவிட்ட மாற்றாக்கங்களைத் திருத்துவார் இல்லை. இலண்டனைக் களமாகக் கொண்டு தொண்டர்கள் பல்லாண்டு உழைத்து உருவாக்கிய 'ஃபோல்அவுட்: இலண்டன்' ஏப்பிரல் 23ஆம் திகதி வெளிவரவிருந்தது. ஒரு தனி விளையாட்டுக்கு ஈடான பரப்புடைய அவ்வாக்கம் இப்புதுப்பிப்பின் காரணமாகத் தள்ளிவைக்கப்பட்டு, யூலை 25ஆம் திகதியே வெளிவந்தது. அப்போதும் அது பழைய வடிவத்தின் மீதே இயங்கியது. புதியதைப் பெற்றவர்கள் அதனை விளையாடப் பின்னோக்கிச் செல்லவேண்டியவராயினர்.

3

இந்நிகழ்வுக்கு விளையாடுவோர் காட்டிய எதிர்வினைகளை நான்கு போக்குகளாக வகுத்து நோக்கலாம்.

முதலாவது, நுகர்வோன் சினம். பணங்கொடுத்து வாங்கிய பொருளை என் அனுமதியின்றி எவ்வாறு மாற்றலாம் என்பது இதன் சாரம். இரண்டாவது, உடைமையாளர் நியாயத்தை ஏற்கும் போக்கு. மாற்றாக்கம் நிறுவனத்தின் பொறுப்பன்று, இலவசமாகப் பெற்றதற்கு முறையிட உரிமையில்லை என இவர்கள் வாதிப்பர். மூன்றாவது, மாற்றாக்குநரை நெருக்கும் போக்கு. நிறுவனம் எட்டாத் தொலைவில் இருப்பதால், எட்டும் இடத்திலிருக்கும் ஊதியமற்ற மனிதனிடமே எப்போது சரிசெய்வாய் என்னும் வினா மீண்டும் மீண்டும் எழுப்பப்படுகின்றது. நான்காவது, பேச்சைக் காட்டிலும் செயலில் வெளிப்படும் போக்கு. பழைய வடிவத்துக்கு மீளும் கருவிகளை ஆக்கிப் பகிர்தல், தன்னியக்கப் புதுப்பிப்பைத் தடுக்கும் வழிகளைக் கற்பித்தல், ஒவ்வொரு வடிவத்தின் முகவரிகளையும் நிலையான அடையாள எண்களோடு இணைக்கும் பொதுப் பட்டியலைத் தொகுத்தல் ஆகியன இதன்பாற்படும்.

முதல் மூன்றும் ஒன்றோடொன்று முரண்படுவனபோலத் தோன்றினும் ஒரே பிரக்ஞையின் வேறுபட்ட முகங்களேயாம். மூன்றும் விளையாட்டை ஒரு பண்டமாக மட்டுமே காண்கின்றன. அதனுள் உறைந்துள்ள உழைப்பு அவற்றின் பார்வைக்குப் புலனாவதில்லை. 'நான் வாங்கியது' என்னும் கூற்றே பிழையானது என்பதையும் கவனித்தல் வேண்டும். 'ஸ்டீம்' போன்ற விற்பனைத் தளங்களில் வாங்குபவன் பெறுவது பயன்படுத்துவதற்கான உரிமம் மட்டுமே. அங்கு புதுப்பிப்பைத் தள்ளிப்போடலாமேயன்றி என்றென்றைக்குமாக மறுப்பதற்கான வசதி வழங்கப்படவில்லை. நுகர்வோன் தன்னை உடைமையாளன் என எண்ணிச் சினக்கின்றான். அவன் உடைமையாளன் அல்லன் என்பதைப் புதுப்பிப்பே அவனுக்கு உணர்த்துகின்றது.

4

எனினும் இச்சினத்தை வெறும் சிறுபிள்ளைத்தனம் என ஒதுக்குதல் வரலாற்றுணர்வற்ற செயலாகும். ஆங்கில வரலாற்றாசிரியர் ஈ. பி. தொம்சன் 1971இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் தானியக் கலகங்களை ஆராய்ந்தார். அவை பசியால் எழுந்த கண்மூடித்தனமான கொந்தளிப்புகள் அல்ல என்றும், நியாயவிலை பற்றிய மரபுவழிக் கருத்தொன்றின் அடிப்படையில் எழுந்தவை என்றும் காட்டினார். இதனையே அவர் அறப் பொருளாதாரம் என்றார். எழுதாச் சட்டமாக நிலவிய வழக்குரிமையைச் சந்தையின் புதிய நியதி மீறியபோதே மக்கள் கிளர்ந்தனர்.

பசித்த மக்களின் கலகத்தையும் பொழுதுபோக்குவோரின் முறையீட்டையும் ஒரே தட்டில் வைத்தல் தகாது. ஆயினும் கோரிக்கையின் அமைப்பில் ஒப்புமை உண்டு. 2002இல் 'மொரோவிண்ட்' என்னும் விளையாட்டோடு கருவித்தொகுதியை வழங்கிய காலம் முதலாக, இந்நிறுவனத்துக்கும் விளையாடுவோருக்கும் இடையே எழுதப்படாத உடன்பாடொன்று வளர்ந்து வந்துள்ளது. குறைகளைக் களைவது, பரப்பை விரிப்பது, பழைய ஆக்கத்துக்குப் புதுவாழ்வு அளிப்பது ஆகியவற்றை மாற்றாக்குநர் செய்வர். அதற்கான வெளியை நிறுவனம் விட்டுவைக்கும். 2015இல் வெளிவந்த விளையாட்டு 2024இலும் விலைபோயிற்றெனின் அதற்குத் தொலைக்காட்சித் தொடர் மட்டும் காரணமன்று. ஊதியமற்ற இவ்வுழைப்பும் பண்டத்தின் ஆயுளை நீட்டித்தது. இத்தகைய செயற்பாட்டை யூலியன் குக்லிக் என்னும் ஆய்வாளர் 2005இலேயே விளையாட்டும் உழைப்பும் கலந்த நிலையற்ற தொழிலாக இனங்கண்டார். அகன்ற திரைகளுக்கான வசதி புதுப்பிப்பின் சிறப்புகளுள் ஒன்றாக விளம்பரம் பெற்றது. கணினியில் விளையாடுவோர் அதனை மாற்றாக்கங்கள் வாயிலாக முன்னரே பெற்றிருந்தனர் என்பது இங்கு நினைக்கத்தக்கது.

நிறுவனத்தின் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. புதிய விளையாட்டுப் பொறிகளை வைத்திருப்போருக்கு இப்புதுப்பிப்பு உண்மையான பயன் அளித்தது. தனக்குச் சொந்தமான நிரலைத் திருத்தும் உரிமையும் அதற்கு உண்டு. ஆயின் பிரச்சினை திருத்துவதா, விடுவதா என்பதன்று. திருத்தத்தின் செலவை யார் சுமப்பது என்பதே பிரச்சினை. நிறுவனத்தின் கணக்கேட்டில் ஏறாத பெருஞ்செலவொன்று, ஊதியம் பெறாத நூற்றுக்கணக்கானோரின் ஓய்வு நேரத்தில் ஏற்றப்பட்டது. போருக்கு முந்திய அமெரிக்கப் பெருநிறுவனங்களின் பேராசையை எள்ளிநகையாடும் கதை கொண்ட விளையாட்டிலே இது நிகழ்ந்தது. படைப்பின் உள்ளடக்கம் முற்போக்கானதாக இருப்பதால் அதன் உற்பத்தி உறவுகள் மாறிவிடுவதில்லை என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

5

அறப் பொருளாதாரத்தின் எல்லையையும் இவ்வெதிர்வினைகள் காட்டிநிற்கின்றன. 2015 ஏப்பிரல் 23ஆம் திகதி, 'ஸ்கைரிம்' விளையாட்டின் மாற்றாக்கங்களை விலைக்கு விற்கும் திட்டத்தை இதே நிறுவனமும் ஸ்டீம் தளத்தை நடத்தும் வால்வ் நிறுவனமும் தொடக்கின. விலையில் 25 சதவீதம் மட்டுமே மாற்றாக்குநருக்குரியதாயிற்று. விளையாடுவோர் பெருந்திரளாக எதிர்க்கவே நான்கே நாள்களில் திட்டம் கைவிடப்பட்டது. அவ்வெதிர்ப்பில் 25 சதவீதம் குறைவு என்ற குரலும் ஒலித்தது. ஆயினும் மேலோங்கி நின்றது, மாற்றாக்கம் கொடையாகவே இருத்தல் வேண்டும் என்னும் குரலேயாகும்.

கொடையைப் பாதுகாத்த அதே கூட்டத்தினருள் ஒரு பகுதியினர் 2024இல் அதனைத் தமக்குரிய கடன்போலக் கேட்டு நின்றனர். இம்முரண்பாடு தற்செயலானதன்று. வழக்குரிமை என்பது பெறுவோரின் உரிமையைப் பேசும்போது உறுதியாகவும், தருவோரின் உழைப்பைப் பேசும்போது மௌனமாகவும் இருக்கின்றது. உழைப்புக்கு ஊதியம் எனின் அது சந்தையின் ஊடுருவலாகின்றது. ஊதியமில்லை எனின் அது சுரண்டலாகின்றது. இவ்விரண்டுக்கும் அப்பால் மூன்றாவது வழியொன்றைக் கோரும் சொற்களை இச்சமூகம் இன்னும் உருவாக்கிக்கொள்ளவில்லை. தனித்தனி முறையீடுகள் கூட்டுக் கோரிக்கையாகத் திரளாமைக்கு அதுவே காரணம் எனலாம்.

6

ஆகவே நான்காவது போக்கே நம் கவனத்துக்குரியது. பழைய வடிவத்துக்கு மீளுதல் கடந்தகால ஏக்கம்போலத் தோன்றலாம். உண்மையில் அது, எவ்வடிவத்தில் படைப்பு நிலைபெறவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரத்தைத் துய்ப்போர் தம் கையில் எடுக்கும் செயலாகும். ஏடெழுதுவோரும் கூத்தரும் தம் காலத்தின் தேவைக்கேற்பப் பனுவலைப் பேணியும் மாற்றியும் வந்ததை அறிந்த இலக்கிய மாணவருக்கு இது புதிதன்று. இப்பனுவலின் மூலப்பிரதி மட்டும் ஒரு நிறுவனத்தின் பெட்டகத்திலிருப்பதே வேறுபாடு. முகவரிப் பட்டியல் போன்ற கூட்டாக்கங்கள் அப்பெட்டகத்தின் மீதான சார்பைச் சிறிது தளர்த்துகின்றன.

உடைவு தொழினுட்பத்தின் தவிர்க்கவியலா விதி என்பாருக்கு மறுப்பாக ஒரு சான்று உண்டு. தனியொருவர் ஆக்கிய 'ஸ்டார்டியூ வலி' என்னும் வேளாண்மை விளையாட்டின் 1.6 புதுப்பிப்பு, மேற்கூறிய நிகழ்வுக்கு ஐந்து வாரங்களுக்கு முன், 2024 மார்ச் 19ஆம் திகதி வெளிவந்தது. அதன் அக அமைப்பும் பெரிதும் மாறியது. ஆயின் மாற்றாக்குநருக்கு அதன் வடிவம் முன்கூட்டியே வழங்கப்பட்டது. விளையாட்டின் நிரலும் மாற்றாக்கத்துக்கு இசைவாகச் சீரமைக்கப்பட்டது. சிறு உற்பத்தியாளர் ஒருவருக்கு இயன்றது ஏகபோக நிறுவனத்துக்கு இயலாது எனக் கொள்வதற்கில்லை. அதனைச் செய்ய அதற்கு நிர்ப்பந்தம் இல்லை என்பதே உண்மை.

அந்நிர்ப்பந்தத்தை உருவாக்குவது சினத்தின் அளவன்று, அதன் திசையே. பழைய வடிவம் வேண்டியோருக்கு நிலையாகக் கிடைத்தல் வேண்டும். புதிய வடிவம் மாற்றாக்குநருக்கு முன்கூட்டியே கையளிக்கப்படல் வேண்டும். இவை சிறிய கோரிக்கைகள். இவற்றைக் கேட்பவன் 'நான் வாங்கினேன்' என்னும் நிலையினின்று 'நாம் ஆக்கினோம்' என்னும் நிலைக்கு வந்தாகவேண்டும். மாற்றாக்குநரை நெருக்கும் விளையாடுபவன், தானும் அவரும் ஒரே பக்கத்தில் நிற்பதை உணரும்வரை, அடுத்த புதுப்பிப்பும் இதே கூக்குரலையும் இதே மௌனத்தையுமே எதிர்கொள்ளும்.