விடைத்தாளும் ஆய்வேடும்: ஆங்கிலக் கல்வி ஆய்வின் மரபுகளும் அளவுகோல்களும்

ஆங்கிலத் துறை என்றதும் ஷேக்ஸ்பியரும் மில்டனும்தான் நம் நினைவுக்கு வருகிறார்கள். அந்தத் துறைக்குள் இன்னொரு மரபும் உண்டு. ஆங்கிலம் எப்படிக் கற்கப்படுகிறது, கற்பவர் எப்படி எழுதப் பழகுகிறார், ஒரு கவிதையை மாணவர் உண்மையில் எப்படிப் படிக்கிறார் என்று ஆராயும் மரபு அது. அதற்கு ஏறத்தாழ நூறு வயது ஆகிறது. கேம்பிரிட்ஜ், டாக்கா, நியூயார்க், பெங்களூர், யாழ்ப்பாணம் எனப் பல ஊர்களில் அது வேர்விட்டு வளர்ந்திருக்கிறது.

இம்மரபில் இன்றும் நிலைத்து நிற்கும் நூல்களை வரிசையாக எடுத்து வைத்துப் பார்த்தால் ஓர் ஒற்றுமை புலப்படும். அவற்றில் பெரும்பாலானவை ஏதோ ஒரு வகுப்பறையில் சாதாரண மாணவர்கள் எழுதிய தாள்களிலிருந்து பிறந்தவை. மாணவர் தாளை மதிப்பெண் போட்டு மூடிவிடாமல் சான்றாகக் கொண்டு படித்தவர்களே இத்துறையை முன்னே நகர்த்தினார்கள். இந்தக் கண்ணோட்டத்தில் அம்மரபின் கிளைகளையும் அவை நமக்கு விட்டுச்சென்ற அளவுகோல்களையும் இம்மலரின் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

பெயர் நீக்கிய கவிதைகள்

1920களில் கேம்பிரிட்ஜில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் தம் மாணவர்களிடம் கவிதைகளைக் கொடுத்தார். ஆசிரியர் பெயர் இல்லை, காலம் இல்லை. படித்து, தோன்றியதை எழுதித் தரும்படி கேட்டார். வந்த குறிப்புகளைத் திரட்டி, 13 கவிதைகளுக்கான எதிர்வினைகளை ஆராய்ந்து 1929இல் அவர் வெளியிட்ட நூல்தான் ‘பிராக்டிகல் கிரிட்டிசிசம்’. ஜான் டன், ஹாப்கின்ஸ் போன்றோரின் கவிதைகளைப் பலர் புறந்தள்ளியிருந்தார்கள். சாதாரணமான சில கவிதைகளை மெச்சியிருந்தார்கள். அவர்கள் யாரும் மந்தமான மாணவர்கள் அல்லர்.

ரிச்சர்ட்ஸ் அவர்களைக் கேலி செய்து நிறுத்திக்கொள்ளவில்லை. வாசிப்பு எங்கெங்கே தடுக்கிறது என்று வகைப்படுத்தினார். நேர்ப்பொருளே பிடிபடாமை, சொந்த நினைவுகள் குறுக்கிடுதல், பழகிப்போன உணர்ச்சிகளைக் கவிதையின் மேல் ஏற்றுதல், தன் கொள்கைக்கு ஒவ்வாததை நிராகரித்தல் எனப் பத்து தடைகளைப் பட்டியலிட்டார். இலக்கியம் கற்பிக்கும் எவருக்கும் அந்தப் பட்டியல் இன்றைக்கும் பயன்படும். அங்கிருந்து கிளைத்த நுண்வாசிப்பு முறை, எஃப். ஆர். லீவிஸின் ‘ஸ்க்ரூட்டினி’ இதழ் (1932–1953) வழியாக உலகெங்கும் பரவியது. லீவிஸிடம் பயின்ற சி. டி. நரசிம்மையா மைசூரில் ‘லிட்டரரி கிரைட்டீரியன்’ இதழைத் தொடங்கி அந்தக் கண்டிப்பை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். கண்டிப்பு வந்தது, ஆனால் மாணவர் குறிப்புகளைத் திரட்டிப் படிக்கும் பழக்கம் அதே வேகத்தில் வரவில்லை.

டாக்காவில் ஓர் ஆசிரியர்

அதே காலத்தில் டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் மைக்கேல் வெஸ்ட் வேறொரு கேள்வியில் ஆழ்ந்திருந்தார். வங்காளச் சிறுவர்களில் பலர் பள்ளிப் படிப்பைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். நின்றுபோகும் பிள்ளைக்கு அதுவரை கற்ற ஆங்கிலத்தால் என்ன மிஞ்சுகிறது? பாதியில் நிறுத்திய ஆயுள் காப்பீட்டுக்குச் சரண்டர் மதிப்பு உண்டல்லவா, அதுபோல மொழிப் பாடத்துக்கும் ஒரு மதிப்பு கணக்கிட வேண்டும் என்றார் அவர். அரைகுறைப் பேச்சு பயன்படாது; அரைகுறை வாசிப்பாவது எளிய நூல்களைத் திறந்துவிடும் என்பது அவர் கண்ட முடிவு. 1926இல் வெளியான அவருடைய ‘பைலிங்குவலிசம்’ இந்தச் சோதனைகளின் பதிவு. பின்னாளில் 1953இல் அவர் தொகுத்த, ஏறத்தாழ 2,000 சொற்கள் கொண்ட அடிப்படைச் சொற்பட்டியல், பாடநூல் எழுதுபவர்களின் கையேடாகவே ஆகிவிட்டது.

வெஸ்ட்டின் எல்லா முடிவுகளையும் இன்று ஏற்க வேண்டியதில்லை. வாசிப்பை முன்னே வைத்ததால் பேச்சு பின்தங்கியது என்ற விமர்சனத்தில் நியாயம் உண்டு. ஆனாலும் பள்ளியை விட்டு நின்றுபோகும் பிள்ளையிலிருந்து பாடத்திட்டத்தைச் சிந்தித்த துணிவு பெரியது.

பிழையைப் படித்தவர்கள்

1967இல் பிட் கார்டர் எழுதிய ஒரு கட்டுரை, கற்பவரின் பிழையைப் பார்க்கும் பார்வையையே மாற்றியது. கற்பவர் அந்த நேரத்தில் தன் மனத்தில் கட்டி வைத்திருக்கும் இலக்கணத்துக்கு அவருடைய பிழையே சாட்சி என்றார் அவர். 1972இல் லாரி செலிங்கர் அந்த இலக்கணத்தை, தாய்மொழிக்கும் இலக்கு மொழிக்கும் இடையே நிற்கும் ஓர் இடைமொழி என்று விளக்கினார்.

இந்தப் பார்வையை எழுத்துக்குக் கொண்டுவந்தவர்களில் மினா ஷாக்னெஸிக்கு இணையில்லை. 1970இல் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் பள்ளி முடித்த அனைவருக்கும் கதவைத் திறந்தது. சிட்டி கல்லூரிக்குள் வந்த மாணவர்கள் எழுதிய ஆங்கிலத்தைக் கண்டு பேராசிரியர்கள் பலர் கைவிரித்தார்கள். ஷாக்னெஸி ஏறத்தாழ 4,000 நுழைவுக் கட்டுரைகளை எடுத்து வைத்து ஒவ்வொரு பிழைக்கும் பின்னாலிருக்கும் தர்க்கத்தைத் தேடினார். 1977இல் வெளிவந்த ‘எரர்ஸ் அண்ட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ அந்த உழைப்பின் விளைவு. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வருபவர்களுக்குப் பாடம் எடுக்கும் எந்த ஆசிரியரும் படிக்க வேண்டிய நூல் அது. நம் கல்லூரிகளில் அத்தகைய மாணவர்கள் எத்தனை பேர் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எழுதி முடித்த தாளை விட்டு, எழுதிக்கொண்டிருக்கும் மனத்தைப் பார்க்க வேண்டும் என்றது இன்னொரு கிளை. ஜானெட் எமிக் 1971இல் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் எட்டுப் பேரை மட்டும் எடுத்துக்கொண்டு, அவர்கள் எழுதும்போது என்ன நினைக்கிறார்கள் என்பதைப் பதிவு செய்தார். லிண்டா ஃப்ளவரும் ஜான் ஹேஸும் 1981இல், திட்டமிடல், எழுதுதல், திருத்தல் ஆகியவை ஒன்றுக்குள் ஒன்று திரும்பத் திரும்பப் புகுந்து வருவதைக் காட்டினார்கள். சட்டகம் போட்டு, எழுதி, பிறகு திருத்து என்று நேர்கோடாகச் சொல்லித்தரும் வழக்கத்தை இந்த ஆய்வுகள் கேள்விக்கு உள்ளாக்கின.

பெங்களூர்த் திட்டம்

இந்தியாவில் 1958இல் ஹைதராபாத்திலும், 1963இல் பெங்களூரிலும் ஆங்கிலக் கல்விக்கான நிறுவனங்கள் தோன்றின. அப்போது ஆட்சி செலுத்தியது வாக்கிய அமைப்புகளை எளிதிலிருந்து கடினத்துக்கு அடுக்கிப் பயிற்றும் முறை. அதில் தேர்ந்த ஆசிரியர்களே, ‘வகுப்பில் சரியாகச் சொல்லும் பிள்ளை வெளியே தடுமாறுகிறதே’ என்று கேட்கத் தொடங்கினார்கள்.

என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகளில் நடத்திய சோதனை இந்தக் கேள்விக்கான விடைதேடல். பாடத்திட்டத்தில் இலக்கணப் பட்டியல் கிடையாது. ரயில் கால அட்டவணையைப் பார்த்து எந்த வண்டியில் போகலாம் என்று கண்டுபிடி, வரைபடத்தைப் பார்த்து வழி சொல் என்பன போன்ற பணிகளே பாடம். ஆசிரியர் முதலில் ஒரு பணியை வகுப்போடு சேர்ந்து செய்வார்; பிறகு அதேபோன்ற ஒன்றைப் பிள்ளைகள் தனியே செய்வார்கள். கவனம் பொருளில் ஊன்றியிருக்கும்போது இலக்கணம் உள்ளே தானாக உருக்கொள்ளும் என்பது கருதுகோள்.

திட்டத்தை வெளியார் மதிப்பிட வேண்டும் என்று கேட்டு, ஆலன் பெரெட்டாவும் ஆலன் டேவிஸும் 1985இல் வெளியிட்ட மதிப்பீட்டுக்கு இடம்கொடுத்ததை நான் பெரிதும் மதிக்கிறேன். அந்தந்த முறையில் பயின்றவர்கள் பெரும்பாலும் அந்தந்த முறைக்கான தேர்வில் முந்தினார்கள். பொதுத் திறன் தேர்வுகளில் திட்ட வகுப்புகள் மேலோங்கின. வகுப்புகளைத் தொடக்கத்திலேயே சமமாகப் பிரிக்க முடியாததால் முடிவை எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் அவர்கள் எழுதினார்கள். உலகெங்கும் பணிவழிக் கற்பித்தல் என்று பரவிய இயக்கத்துக்கு நம் பகுதிப் பள்ளிப் பிள்ளைகள் முன்னோடிகள். 1990இல் பிரபு, எல்லோருக்கும் பொருந்தும் சிறந்த முறை என்று ஒன்று இல்லை; ஆசிரியர் தன் அனுபவத்திலிருந்து திரட்டிக்கொள்ளும் உயிர்ப்புள்ள புரிதலே முக்கியம் என்று வாதிட்டார். 1994இல் குமாரவடிவேலு முறைகளுக்கு அப்பாலான கற்பித்தல் என்ற கருத்தை முன்வைத்தபோது அந்த வாதம் இன்னும் விரிந்தது.

யாழ்ப்பாணத்துப் பாடநூல் ஓரங்கள்

போர்க்கால யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த சுரேஷ் கனகராஜா, முதலாண்டு மாணவர்கள் 22 பேரின் ஆங்கில வகுப்பை ஆராய்ந்து 1993இல் எழுதினார். பாடநூல் அமெரிக்க வாழ்க்கையைப் பேசியது. மாணவர்கள் அந்நூலின் ஓரங்களில் சித்திரங்களையும், தமிழ்க் குறிப்புகளையும், போராட்டத்தைச் சுட்டும் வாசகங்களையும் எழுதி நிரப்பியிருந்தார்கள். கிறுக்கல் என்று ஒதுக்கியிருக்கக்கூடியதை அவர் சான்றாகப் படித்தார். பாடநூலின் உலகத்தை ஏற்க மறுத்த அதே மாணவர்கள், தேர்வுக்கான இலக்கணத்தைக் கேட்டு நின்றதையும் அவர் மறைக்கவில்லை. தம் தரப்புக்கு உவப்பில்லாத உண்மையையும் எழுதியதால்தான் அந்த ஆய்வு நிற்கிறது.

2002இல் வந்த அவருடைய நூல், ஆய்விதழ்களின் மறைமுக அளவுகோல்களையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. தாளுக்கே தட்டுப்பாடு, மின்சாரம் இல்லை, அண்மை இதழ்கள் வந்து சேரவில்லை. இந்த நிலையில் பல பிரதிகளையும் புத்தம்புதிய மேற்கோள்களையும் கேட்கும் இதழுக்கு ஓர் அறிஞர் எப்படி எழுதுவார்? தரம் என்ற பெயரில் வசதியும் அளக்கப்படுகிறது என்பதை அவர் நிறுவினார்.

கட்டுரையின் வடிவம் பற்றிய ஆய்வையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம். 1966இல் ராபர்ட் கப்லான், பிற மொழியினர் எழுதிய ஆங்கிலப் பத்திகளைக் கொண்டு, ஒவ்வொரு பண்பாட்டின் சிந்தனைக்கும் ஒரு கோட்டுச் சித்திரம் போட்டார். இரண்டாம் மொழியில் எழுதியதை வைத்து ஒரு சமூகத்தின் சிந்தனையையே தீர்மானித்தது தவறு என்று பலர் எடுத்துக்காட்டினார்கள். அவரே பின்னாளில் தம் கருத்தைத் தளர்த்திக்கொண்டார். ஜான் ஸ்வேல்ஸ் அதைவிடப் பயனுள்ள வழியைக் கண்டார். ஆய்வுக் கட்டுரையின் முன்னுரை, களத்தைக் காட்டுவது, அதில் இடைவெளியைச் சுட்டுவது, அதை நிரப்ப முன்வருவது என்ற மூன்று நகர்வுகளில் அமைவதை 1990இல் வெளியான நூலில் விளக்கினார். முதல் கட்டுரை எழுதும் ஆய்வாளருக்கு இதைவிடத் தெளிவான துணை கிடைப்பது அரிது.

இலக்கிய வரலாற்றுக் கிளை

கே. ஆர். ஸ்ரீனிவாச ஐயங்காரின் ‘இந்தியன் ரைட்டிங் இன் இங்கிலீஷ்’ (1962) ஒரு துறைக்கே எல்லை வகுத்தது. மீனாட்சி முகர்ஜி 1971இல் இந்திய ஆங்கில நாவலைக் கறாராக மதிப்பிட்டார். கௌரி விஸ்வநாதனின் ‘மாஸ்க்ஸ் ஆஃப் கான்குவெஸ்ட்’ (1989), ஆங்கில இலக்கியம் இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களில் பாடமாக வேரூன்றுவதற்கு முன்பே காலனிய இந்தியாவில் பாடமாக்கப்பட்ட வரலாற்றை ஆவணங்களைக் கொண்டு நிறுவியது. எதற்காக இதைப் படிக்க வைக்கிறோம் என்ற கேள்வியை இனி எந்த ஆங்கிலத் துறையும் தவிர்க்க முடியாது.

அளவுகோல்கள்

இத்தனை கிளைகளும் சேர்ந்து நமக்குக் கற்றுத்தரும் அளவுகோல்கள் நான்கு.

முதலாவது, சான்று. ‘மாணவர்களுக்கு எழுதவே தெரிவதில்லை’ என்று தொடங்கும் ஆய்வேடு, எந்த மாணவர், எந்தத் தாள், எந்த வரி என்று காட்டியாக வேண்டும். வினாநிரலில் போட்ட டிக்குகளின் சதவீதம் அந்த இடத்தை நிரப்பாது.

இரண்டாவது, நேர்மையான ஒப்பீடு. சிவப்பு மையால் பிழை திருத்துவதால் பயனில்லை என்று 1996இல் ஜான் ட்ரஸ்காட் எழுதியபோது துறையே அதிர்ந்தது. டேனா ஃபெரிஸ் 1999இல் மறுத்தார். விவாதம் கூர்மையானபோதுதான், திருத்தம் பெறாத மாணவர் குழுவோடு ஒப்பிட்டுப் பார்க்காத ஆய்வுகள் எத்தனை என்பது வெளிப்பட்டது. ஒரே ஒரு இலக்கணக் கூற்றை மட்டும் குறிவைத்துத் திருத்தினால் பலன் இருக்கிறது என்பதைப் பின்வந்த ஆய்வுகள் ஒப்பீட்டோடு காட்டின. எதிர்க்கட்டுரை ஒன்று ஒரு துறையைச் சீர்செய்யும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

மூன்றாவது, எழுதியவருக்கான மரியாதை. மாணவர் தாளைப் பயன்படுத்த அவருடைய சம்மதம் வேண்டும். பெயர் மறைக்கப்பட வேண்டும். அவருடைய பிழை சிரிப்புக்குப் பொருளாகக் கூடாது.

நான்காவது, சொந்தச் சிந்தனை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகள் 10 சதவீதம் வரையிலான சொல் ஒற்றுமைக்குத் தண்டனை விதிப்பதில்லை. மென்பொருள் காட்டும் அந்த எண், சொற்கள் ஒத்துப்போவதை மட்டுமே அளக்கிறது. பழைய கருத்தைப் புதுச் சொற்களில் போர்த்திய ஆய்வேடு அதில் எளிதாகத் தேறிவிடும். ஆய்வேடு சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்ற கட்டாயத்தை 2022ஆம் ஆண்டு விதிகள் நீக்கின. காசு கொடுத்து வெளியிடும் அவசரத்திலிருந்து ஆய்வாளரை விடுவிக்க அது ஒரு வாய்ப்பு. அந்த நேரத்தை வகுப்பறைக்குச் செலவிடச் சொல்வது நெறியாளரின் கடமை.

நாம் செய்யக்கூடியது

பெல்ஜியத்தின் லூவேன் பல்கலைக்கழகத்தில் சில்வியான் கிராஞ்சர் 1990இல் தொடங்கிய தொகுப்பு, பல தாய்மொழி மாணவர்கள் எழுதிய ஆங்கிலக் கட்டுரைகளைக் கணினியில் திரட்டியிருக்கிறது. அதை வைத்துப் பிறந்த ஆய்வுகள் ஏராளம். அதுபோன்ற ஒன்றைப் பெரிய நிதி இல்லாமலே நாமும் தொடங்கலாம். ஒவ்வோர் ஆங்கிலத் துறையும் ஆண்டுதோறும் முதலாண்டு மாணவர்களின் நூறு கட்டுரைகளை, அவர்கள் சம்மதத்தோடு, பெயர் நீக்கி, பயிற்றுமொழி, ஊர் வகை, பள்ளி வகை ஆகிய குறிப்புகளோடு சேமித்து வைத்தால் போதும். பத்து ஆண்டுகளில் தமிழ் மாணவர் எழுதும் ஆங்கிலத்தைப் பற்றி ஊகமாகப் பேச வேண்டிய தேவை இருக்காது. எந்தப் பிழை தமிழிலிருந்து வருகிறது, எது பாடநூலிலிருந்து வருகிறது, எது தானாகவே கரைந்துபோகிறது என்று சான்றோடு பேச முடியும். ரிச்சர்ட்ஸுக்கும் ஷாக்னெஸிக்கும் பிரபுவுக்கும் கனகராஜாவுக்கும் கிடைத்த அதே மூலப்பொருள் தினமும் நம் மேசைக்கு வருகிறது. அதைத் திருத்துவதோடு நிறுத்தாமல் படிக்கவும் தொடங்கினால், இம்மரபின் அடுத்த பெரிய நூல் நம் கல்லூரி ஒன்றிலிருந்தே எழுதப்படலாம்.