சித்தன்னவாசல் பொய்கையோவியம்: குறியீடும் வரைமுறையும்

புதுக்கோட்டைக்கு வடமேற்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சித்தன்னவாசல் சமணக் குடைவரையின் அர்த்தமண்டப விதானத்தில் தாமரைப் பொய்கை ஒன்று தீட்டப்பெற்றுள்ளது. அதனை இயற்கையை உள்ளவாறே காட்டும் ஓவியம் எனப் போற்றுவாருளர். இப்புகழுரை ஓவியத்திற்கு நன்மை செய்வதன்று என்பது எம் கருத்து. இயற்கையே அளவுகோலாயின், இப்பொய்கை பிழை மலிந்ததாகிவிடும். நீருக்கு ஆழமில்லை, நிழலில்லை, அண்மையும் சேய்மையும் வேறுபடவில்லை. மீனும் அன்னமும் யானையும் எருமையும் ஒரே பரப்பில் தத்தமக்குரிய அளவின்றி விரவிக் கிடக்கின்றன.

இவற்றைப் பிழையெனக் கொள்ளாது பொருளெனக் கொண்டவர் தி. நா. இராமச்சந்திரன். தீர்த்தங்கரர் அறமுரைக்கும் சமவசரணத்தைச் சூழ்ந்த நீர்நிலமே இப்பொய்கை என்றும், மலர் கொய்யும் மூவர் அறங்கேட்கச் செல்லும் பவ்வியர் என்றும் அவர் விளக்கினார். சமவசரணத்தின் ஏனைய பகுதிகள் யாண்டுள என வினவலாம். வினா தக்கதே. ஆயினும் ஓவியம் அமைந்த இடம் இவ்விளக்கத்திற்கே துணை நிற்கிறது. கருவறை புகுவோர் முதற்கண் இப்பொய்கையின்கீழ் நடந்தே தீரல் வேண்டும்; கருவறை விதானத்திலோ கம்பளம் போன்ற கோலமே உளது.

மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இக்குடைவரையைப் புதுக்கி முகமண்டபமும் எடுப்பித்த செய்தியை இங்குள்ள பாண்டியர் கல்வெட்டு கூறும். அது சீமாறன் சீவல்லபன் காலத்தது, ஒன்பதாம் நூற்றாண்டு. மகேந்திரவர்மன் காலத்தன இவ்வோவியங்கள் என்னும் பழங்கொள்கை இதனால் தளர்ந்தது. அதே நூற்றாண்டில், 843இல், பைசாந்தியப் பேரரசில் திருவுருவ வழிபாட்டிற்கு இருந்த தடை நீங்கிற்று. அந்நாட்டுத் திருவுருவப் பலகைகளிலும் நிழலில்லை, பின்புலம் பொன்மயமானது, அப்பொன் ஓரிடத்தைக் குறியாது, தெய்வ ஒளியைக் குறிக்கும். ஓரிடத்து ஓவியர் மற்றோரிடத்தாரை அறிந்தனர் என்று யாம் கூறவில்லை. இவ்வுலகத்து இடமன்று எனக் காட்டவேண்டிய தேவையே இருசாராரையும் ஆழமற்ற பரப்பிற்கு ஈர்த்தது.

வேற்றுமையும் பெரிது. பைசாந்தியத் திருவுருவம் நேர்நோக்கி நிற்பது. தொழுவார் கண்ணைத் தன் கண்ணால் எதிர்கொள்வது. பொய்கையிலுள்ள மூவரோ நம்மை நோக்குவதில்லை, மலர்மேலேயே கருத்துடையர். ஈண்டு வணக்கத்திற்குரியது ஓவியமன்று; உள்ளே கல்லில் அமைந்த திருமேனிகளே. அதனாலன்றோ ஓவியன் கை இத்துணை உரிமையோடு இயங்கிற்று! ஒவ்வொரு மீனுக்கும் ஒரு தத்துவம் தேடுவார் இவ்வுரிமையைக் காணத் தவறுவர். தாமரைத் தண்டின் வளைவிலும், இதழை விளிம்பிடும் செங்கோட்டிலும் உள்ள இன்பம் குறியீட்டுக்கு அடங்குவதன்று. கொய்தவன் தோளிற் கிடக்கும் தாமரைக் கொத்து அறநெறியைக் குறிப்பினும், அதன் சுமையால் அவன் உடல் சற்றே சாய்ந்திருப்பது ஓவியன் கண்ணாரக் கண்டதே.