வி.ஜி. ராவ் தீர்ப்பும் ஜிர்காடாங் கேட்டும்

1950இல் மக்கள் கல்விக் கழகத்தைச் சென்னை அரசு தடை செய்தது. அது செல்லாது என 1952இல் உச்ச நீதிமன்றம் சொன்னதே வி.ஜி. ராவ் வழக்கு. தீர்ப்பெழுதியவர் பதஞ்சலி சாஸ்திரி, நம்ம தமிழர்தான். தடை விதித்த அரசுக்கே திருப்தி என்றால் போதாது. எந்த உரிமை, எந்தத் தீமையைத் தடுக்க, அதன் அவசரம் என்ன, கட்டுப்பாடு அளவு மீறியதா என்று கோர்ட்டு பார்க்கும் என்கிறார். அருமையான தராசு.

அந்தமான் டிரங்க் ரோட்டில் ரங்கத்துக்குச் சரக்கு அனுப்புகிற நான், ஜிர்காடாங் கேட்டில் கான்வாய்க்காகக் காத்துக் கிடந்திருக்கிறேன். "நடமாடும் உரிமை எங்கே போச்சு?" என்று நம் வியாபாரிகள் கேட்பார்கள். பழங்குடியினர் நலனுக்காக அதை நியாயமான அளவில் கட்டுப்படுத்தலாம் என்று அரசமைப்பின் 19(5)ஆம் பிரிவே சொல்கிறது. ஜாரவா காப்பகத்துக்குள் நாம் நுழையக் கூடாதென்பது சாஸ்திரியார் தராசிலும் நிற்கும் என்பதே என் கணிப்பு.

ஆனால் ஒரு குறை. அந்தத் தராசின் ஒரு தட்டில் அரசு, மறு தட்டில் வழக்குப் போட்டவர். கோர்ட்டுப் படியே ஏறாத மூன்றாமவர் எங்கே உட்காருவார்? ஜாரவா மனுப் போடுவாரா என்ன? அவர்களுக்காக மற்றவர்கள் போய்த்தான், 2002இல் காப்பகப் பகுதியில் சாலையை மூட உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கான்வாய் இன்னமும் போகிறது, என் சரக்கும் அதில்தான் போகிறது.