அடங்கினால் குணமா?

பெரியம்மா மகனுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. கோபம் வந்தால் கையில் கிடைத்ததை எடுத்து வீசுவான். "இவனக் கொஞ்சம் அடக்கி வைக்க ஏதாவது வழி இருக்காடா?" என்று பெரியம்மா ஒருநாள் கேட்டார். எனக்குத் தெரிந்ததெல்லாம் இயந்திரங்கள். இருந்தாலும் தேடினேன். தேடல் 1960களின் மெட்ராஸில் கொண்டுபோய் விட்டது.

அங்கே அரசு பொது மருத்துவமனையில் 1950இல் மூளை அறுவைப் பிரிவைத் தொடங்கியவர் பி. ராமமூர்த்தி. பிறகு வி. பாலசுப்ரமணியம், டி.எஸ். கனகா இருவரும் அவரோடு சேர்ந்தார்கள். ஸ்கேன் இல்லாத காலம். நோயாளியின் தலையைச் சட்டத்தில் பொருத்தி, எக்ஸ்ரே பார்த்து, மூன்று அச்சுகளில் கணக்கிட்டு, மூளையின் ஆழத்தில் ஒரு புள்ளியை மட்டும் அழிப்பார்கள். பார்க்கின்சன் நடுக்கத்துக்கு இது கைகொடுத்தது. ஒரு பொறியாளனாக அந்தத் துல்லியத்தின் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

அதே முறையை முரட்டுத்தனத்துக்கும் பயன்படுத்தினார்கள். இலக்கு அமிக்டலா, ஹைபோதலாமஸ். டோக்கியோவில் நராபயாஷியும் சானோவும் ஏற்கெனவே தொடங்கிய வேலைதான் இது. 1988இல் ராமமூர்த்தி காட்டிய கணக்கில் 603 அறுவைகள்.

இந்தக் கட்டுரைகளின் மொழிதான் என்னை உறுத்துகிறது. இந்த அறுவைக்கு மெட்ராஸ் குழு வைத்த பெயர் 'செடட்டிவ் நியூரோசர்ஜரி'. தூக்க மருந்தின் பெயரை ஒரு சிகிச்சைக்கு வைத்திருக்கிறார்கள். பலனைத் தரம் பிரிக்கும்போதும் அதே பார்வை: மருந்தில்லாமல் மற்றவர்களோடு பழகினால் முதல் தரம், சாதுவாகிவிட்டால் அடுத்தது, மருந்து கொடுத்துச் சமாளிக்க முடிந்தால் அதற்கும் கீழே. இலக்கை மில்லிமீட்டரில் குறித்தவர்கள் விளைவைச் சுற்றியிருப்பவர்களின் நிம்மதியை வைத்து அளந்திருக்கிறார்கள். அறுவைக்குப் பிறகு உனக்கு எப்படி இருக்கிறது என்ற கேள்விக்கான பதிலை நான் படித்த பக்கங்களில் பார்க்கவில்லை.

அவர்களைக் கொடியவர்கள் என்று முடித்துவிடுவது சுலபம். நல்ல மருந்துகள் குறைவாக இருந்த காலம். வேறு வழி தெரியாமல்தான் குடும்பங்கள் பிள்ளைகளைக் கூட்டிவந்திருக்கும். கனகா 1975லேயே மூளைக்குள் மின்முனை பதித்துத் தூண்டும் சிகிச்சையைச் செய்தார். அந்த வழியில் திசுவை அழிக்க வேண்டியதில்லை. இந்த வரலாற்றில் அதற்கும் இடம் உண்டு.

ஆனால் 'அடக்கி' என்ற சொல்லைக் கட்டுரையில் பார்த்துத்தான் திடுக்கிட்டேன். பெரியம்மா வாயில் கேட்டபோது உறைக்கவே இல்லை. அன்றைக்கு அவன் பக்கத்து அறையில்தான் இருந்தான். நானும் போய் அவனிடம் எதுவும் கேட்கவில்லை.