தொடர்ச்சி என்னும் சரக்கு

டிஸ்னி நிறுவனம் 1989ஆம் ஆண்டு வெளியிட்ட 'லிட்டில் மேர்மெயிட்' என்னும் சித்திரப்படத்தில், தந்தை விதித்த தடையை மீறிக் கரையுலகை நாடுகிறாள் கடற்கன்னி ஏரியல். 2000ஆம் ஆண்டில் நேரே வீடியோவாக விற்பனைக்கு வந்த இரண்டாம் பாகத்திலோ, அவளே தாயாகி, மகளைக் கடலிலிருந்து பிரிக்க மதில் எழுப்புகிறாள். தடையை எதிர்த்தவள் தடைவிதிப்பவளாக மாறுவது ஏன்? ஆழ்ந்து நோக்கத்தக்க இக்கேள்வியைப் படம் தொட்டதும் விட்டுவிடுகிறது. இறந்த சூனியக்காரிக்கு ஒரு சகோதரியைப் படைத்து, பழைய கதையையே தலைகீழாக நடத்துகிறது.

இவ்வறுமைக்குக் காரணம் யாது? கலைஞரின் திறமைக் குறைவு என்பார் சிலர். நாம் அவ்வாறு கருதவில்லை. 1994இல் 'அலாவுதீன்' படத்தின் தொடர்ச்சி வீடியோச் சந்தையில் பெரும் இலாபம் ஈட்டியதும், பழைய புகழைக் குறைந்த செலவில் மீண்டும் மீண்டும் விற்கும் வழி திறந்தது. 1950இன் 'சிண்டரெல்லா'வுக்கு 2002இலும், 1942இன் 'பாம்பி'க்கு 2006இலும் தொடர்ச்சிகள் வந்தன. கதையில் சொல்ல எஞ்சியிருந்ததால் அன்று, பெயருக்கு விலை எஞ்சியிருந்ததாலேயே இவை பிறந்தன.

தொடர்ச்சி எடுப்பதே குற்றம் என்பது எமது வாதமன்று. 'ரோய் ஸ்டோரி'யின் இரண்டாம் பாகமும் முதலில் வீடியோவுக்கெனவே திட்டமிடப்பட்டது. ஆயின் பிக்சார் கலைஞர்கள் கதையைப் புதிதாக அமைத்து, சில மாதங்கள் இரவுபகலாக உழைத்தனர். 1999இல் திரைக்கு வந்த அப்படம் முதற்படத்துக்கு நிகராகப் போற்றப்பட்டது.

குழந்தைகள் எதனையும் ஏற்பர் என்பது வணிகரின் கணக்கு. பள்ளிப் பிள்ளைகளோடு நாளும் பழகும் நாம் அதனை ஏற்கோம். பெரியோருக்கான கலையை அளக்கும் கோலாலேயே குழந்தைகளுக்கான கலையையும் அளப்பது விமர்சகர் கடனாகும்.